நரிக்கு முதல் துப்பாக்கி: வதையின்றி வீழ்த்த எது தகும்?

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் நரி கிடையாது. செம்பனைக் கன்றின் குருத்தைக் கிளறித் தின்னும் காட்டுப்பன்றியும், குலையைக் கறம்பும் எலியும்தான் எங்கள் தோட்டங்களுக்குத் தொல்லை. ஆயினும் சில வாரங்களாக நான் நரிக்குரிய துப்பாக்கிகளைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தின் மேற்கே ஓர் ஆட்டுப்பண்ணையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்திருக்கும் என் அக்காள் மகன், ஈன்று ஒரு நாள்கூட ஆகாத குட்டிகளை நரி தூக்கிப் போவதாகவும், பண்ணைக்காரர் அவனையே துப்பாக்கி உரிமம் எடுக்கச் சொல்லியிருப்பதாகவும் எழுதி, "மாமா, பன்றிக்குத் துப்பாக்கி பிடித்தவர் நீங்கள், முதலில் எதை வாங்கட்டும்?" என்று கேட்டிருக்கிறான். 1948 ஜூன் 16 அன்று மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக்கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து அவசரகாலமே அறிவிக்கப்பட்ட வட்டாரம் இது; துப்பாக்கி என்ற சொல்லைப் பெரியவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்தியே சொல்கிறார்கள். அந்தக் கவனத்தோடுதான் இந்த ஒப்பீட்டையும் எழுதுகிறேன்.

முதலில் இலக்கைச் சொல்லிவிட வேண்டும். பாட்டி கதையில் வருகிற குள்ளநரி வேறு. ஆஸ்திரேலியாவில் இருப்பது, 19ஆம் நூற்றாண்டில் வேட்டை விளையாட்டுக்காக ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட செந்நரி. அடர்ந்த மயிர் அதைப் பெரிதாகக் காட்டினாலும் எடை பெரும்பாலும் 5 முதல் 8 கிலோதான். முன்கால் தோளுக்குப் பின்னே இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறத்தாழ ஒரு கையகலம் மட்டுமே இருக்கும். குண்டு அந்தக் கையகலத்துக்குள் போதிய வலுவோடு புகுந்தால் நரி நின்ற இடத்திலேயே விழும். புகாவிட்டால் குடல் கிழிந்தோ கால் முறிந்தோ புதருக்குள் போய் மணிக்கணக்கில் துடிக்கும். ஆகவே எந்தத் துப்பாக்கி நெடுந்தூரம் சுடும் என்பது இங்கே முதற்கேள்வி அன்று. கைப்பழக்கம் குறைந்த ஒருவன் அந்தக் கையகலத்தை எத்தனை மீட்டர் வரை தவறாமல் தொட முடியும், தொடும்போது குண்டில் வலு மிஞ்சியிருக்குமா என்பவைதான் கேள்விகள்.

இந்தக் கணக்கு எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. நான் கண்டக்டராக, அதாவது வேலையாட்களை மேற்பார்க்கும் அலுவலராக, இருந்த தோட்டத்தில், மறுநடவு செய்த வயலொன்றில், ஒற்றைக்குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கியால், அதாவது ஒரே வெடியில் பல ரவைகளைத் தூவும் ரகத்தால், ஐம்பது தப்படிக்கு அப்பால் நின்ற பன்றியைச் சுட்டேன். அந்தத் தூரத்தில் ரவைகள் சிதறிவிடும் என்று தெரிந்திருந்தும், பெரட்டில், அதாவது காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் இடத்தில், நின்ற ஆட்களின் முன்னால் வெறுங்கையோடு திரும்ப மனம் வரவில்லை. பன்றி அலறிக்கொண்டு சதுப்புக்குள் ஓடியது. மூன்றாம் நாள் நாற்றத்தை வைத்துத்தான் அதைக் கண்டுபிடித்தோம். அக்காள் மகனுக்கு நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பின்னால் அந்தச் சதுப்பு இருக்கிறது.

அதனால் பன்னிரண்டு போரை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். புதரிலிருந்து 25, 30 மீட்டருக்குள் வெடுக்கென்று வெளிப்படும் நரிக்குப் பெரிய ரவை நிரப்பிய தோட்டா நல்ல ஆயுதந்தான். ஆனால் திறந்த மேய்ச்சல் வெளியில் நரி அவ்வளவு அருகில் வந்து நிற்பதில்லை.

அடுத்தது, எல்லாரும் முதலில் கைநீட்டும் பாயிண்ட் 22 லாங் ரைபிள் (பாயிண்ட் 22 என்பது அங்குலக் கணக்கில் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் பெயர்). தோட்டா மலிவு, சத்தம் குறைவு, தோளில் உதை என்று ஒன்றே இல்லை. கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல ஆசான் கிடையாது. ஆனால் அதன் குண்டு 2.6 கிராம் எடையோடு நொடிக்கு 330 முதல் 380 மீட்டர் வேகத்தில்தான் புறப்படுகிறது. குழல்வாயிலேயே ஆற்றல் 200 ஜூலுக்கு உட்பட்டது. 50 மீட்டரில் குறி சரியாகப் படுமாறு பொருத்திய துப்பாக்கியால் 100 மீட்டரில் சுட்டால் குண்டு 15 செ.மீ.க்கும் மேல் இறங்கிவிடும் என்பதால், தூரத்தைச் சற்றே தவறாக மதித்தாலும் நெஞ்சுக்கு வைத்த குறி காலிலோ மண்ணிலோ போய்விடும். நாற்பது, ஐம்பது மீட்டரில் அசையாமல் நிற்கும் நரியைக் கைதேர்ந்தவர் இதனால் வீழ்த்திவிடுவார். தொடக்கக்காரனோ இரவு விளக்கொளியில் ஐம்பது மீட்டர் எது, எண்பது மீட்டர் எது என்று பிரித்தறிய மாட்டான். இன்னொரு குறை பலருக்குத் தெரியாது. மெதுவாகப் போகும் இந்த ஈயக்குண்டு கல்லிலோ நீரிலோ இறுகிய மண்ணிலோ பட்டால் உடையாமல் தெறித்து, எதிர்பாராத திசையில் வெகுதூரம் போகும். சின்னத் துப்பாக்கிதானே என்ற நினைப்பு இங்கே பிசகு.

பாயிண்ட் 17 எச்எம்ஆர் 2002இல் வந்தது. 1.1 கிராம் குண்டை நொடிக்கு ஏறத்தாழ 777 மீட்டர் வேகத்தில் செலுத்துவதால் அதன் பாதை நேர்க்கோடு போலவே தோன்றும். முயலுக்கு அருமையான கருவி. நரிக்கு எனக்கு ஒப்பவில்லை. விக்டோரியாவின் மேற்குவெளியில் காற்று ஓய்வதேயில்லை என்று அவனே எழுதுகிறான். அத்தனை இலேசான குண்டை மிதமான குறுக்குக்காற்றே 100 மீட்டரில் ஒரு கையகலம் தள்ளிவிடக்கூடும், நமக்கு இருப்பதோ அந்த ஒரு கையகலந்தான். பூப்போல உடையும்படி செய்யப்பட்ட அந்தக் குண்டு தோள் எலும்பில் பட்டு மேலாகச் சிதறிவிடும் ஆபத்தும் உண்டு.

1959இல் அறிமுகமான பாயிண்ட் 22 மேக்னம் இதைவிடத் தேவலாம். குழல்வாயில் 430 ஜூல் அளவுக்கு ஆற்றல், சற்றுக் கனமான குண்டு. 80, 100 மீட்டர் வரை நரிக்குப் போதும். வீடுகளும் தொழுவங்களும் நெருங்கிய சிறு பண்ணையாக இருந்தால் இதை மறுத்திருக்க மாட்டேன். உரிமத்திலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. இதுவரை சொன்னவை எல்லாம் விக்டோரியாவில் ஏ வகைக்குள் அடங்குபவை. இனி வரும் சென்டர்ஃபயர் துப்பாக்கிகள், அதாவது தோட்டாவின் அடிவிளிம்பில் அல்லாமல் நடுவிலுள்ள சிறு வெடிமூடியில் ஊசி குத்தி வெடிக்கும் ரகங்கள், பி வகையைச் சேர்ந்தவை. ஆட்டுப்பண்ணையில் வேலை செய்பவன் நரித்தொல்லையைக் காரணம் காட்டி இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்கலாம் என்பதால், ஏ வகை எளிது என்பதற்காகவே வலுக்குறைந்த துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

என் மனத்துக்குள் உண்மையான போட்டி பாயிண்ட் 22 ஹார்னட்டுக்கும் பாயிண்ட் 223 ரெமிங்டனுக்கும் இடையேதான் நடந்தது. ஹார்னட் 1930களின் பழைய தோட்டா, 2.9 கிராம் குண்டு, நொடிக்கு 820 மீட்டர், 980 ஜூல். 90 மீட்டரைக் கடந்த பின்னும் மேக்னம் குழல்வாயில் கொண்டிருக்கும் ஆற்றலைவிட அதிகமாகவே தன்னிடம் வைத்திருக்கும். சத்தமும் மிதமானது. ஒலியடக்கி சாதாரண உரிமத்துக்குக் கிடைக்காத அந்த நாட்டில், குட்டி ஈனும் தொழுவத்துக்கு அருகில் சுடுபவனுக்கு இது சிறிய நன்மை அன்று. 150 மீட்டர் வரை ஹார்னட்டைக் குறை சொல்ல இடமில்லை. அழகான தோட்டா என்றுகூடச் சொல்வேன். ஆனால் அந்தத் தோட்டா எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கூடுதல். விலை கூடினால் பயிற்சி குறையும், பயிற்சி குறைந்தால் அந்தக் கையகலம் கைவிட்டுப் போகும்.

1964இல் வந்த 223 இங்கேதான் முந்துகிறது. 3.6 கிராம் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 990 மீட்டர் வேகத்தில், 1,740 ஜூல் ஆற்றலோடு புறப்பட்டு, ஹார்னட் குழல்வாயில் கொண்டிருந்த ஆற்றலின் பெரும்பகுதியை 200 மீட்டரிலும் வைத்திருக்கிறது. 100 மீட்டரில் 3 செ.மீ. உயரப் படுமாறு ஸ்கோப்பை (துப்பாக்கி மேலுள்ள குறிநோக்குக் கண்ணாடியை) பொருத்திவிட்டால், 150 மீட்டர் வரை நெஞ்சின் நடுவிலேயே குறிவைக்கலாம். தூரக்கணிப்பில் தொடக்கக்காரன் செய்யும் பிழையைத் துப்பாக்கியே விழுங்கிக்கொள்ளும். உதை மெல்லியது என்பதால், வெடிக்கும் முன்பே தோளைச் சுருக்கிக் கண்ணை மூடும் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளாது. தோட்டா எங்கும் கிடைக்கிறது. வேகமான இந்த இலேசான குண்டு மண்ணில் பட்டதும் பெரும்பாலும் உடைந்துபோவதால், 22 ஈயக்குண்டைவிடத் தெறிக்கும் ஆபத்தும் குறைவு. வலுக்கூடியது தெறிப்பில் அடக்கமானது என்பதை நம்ப எனக்கே சில நாள் பிடித்தது.

அதற்கும் மேலே பாயிண்ட் 22-250 இருக்கிறது. நொடிக்கு 1,100 மீட்டரைத் தாண்டும். 250 மீட்டருக்கு அப்பால் சுட விரும்பும் பழுத்த கைக்கு உரியது. குழல் விரைவில் தேய்கிறது, சத்தம் காதைப் பிளக்கிறது. முதல் துப்பாக்கிக்கு வேண்டாம். 1955இன் பாயிண்ட் 243 வின்செஸ்டரை, மானுக்கும் நரிக்கும் ஒன்றாக வாங்க நினைப்பவர்கள் தேடுகிறார்கள். மானே சுடப்போகாதவனுக்கு அந்தக் கூடுதல் உதையும் செலவும் எதற்கு?

எனவே என் தீர்ப்பு, ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட் இழுத்துச் சுடும் 223. 1996இன் தேசியத் துப்பாக்கி உடன்பாட்டுக்குப் பிறகு அரைத் தானியங்கித் துப்பாக்கிகள் அங்கே சாதாரண உரிமத்தில் கிடையாது. கிடைத்தாலும் கேட்க வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன், ஏனெனில் அடுத்த தோட்டா தானாக ஏறும் என்ற எண்ணமே முதல் குறியைக் கெடுக்கும். துப்பாக்கியில் மிச்சம் பிடித்தாவது நல்ல ஸ்கோப் வாங்கட்டும். அந்தியில் மங்கிப்போகும் கண்ணாடி எத்தனை நேர்த்தியான குழலையும் குருடாக்கிவிடும். தோட்டாவில் மட்டும் மலிவு பார்க்கக் கூடாது. இராணுவப் பாணியில் முழு உலோகப் போர்வை போட்ட 223 குண்டு, விரியாமல் ஊசிபோல நரியை ஊடுருவிப் போய்விடும். நரி ஓடிச் சாகும். விரியும் மென்முனைக் குண்டுதான் வேண்டும். பயிற்சிச் செலவு கவலையானால், பண்ணைக்காரரிடம் உள்ள பழைய 22இல் அவருடைய மேற்பார்வையில் அட்டையைச் சுட்டுப் பழகட்டும். நரியை அதனால் சுட வேண்டாம்.

பருவத்தையும் சேர்த்து எழுதினேன். அங்கே நரிக்குட்டிகள் பிறப்பது ஆகஸ்ட், செப்டம்பரில். தாய்நரியை அப்போது சுட்டால் வளைக்குள் குட்டிகள் பட்டினியில் சாகும். அது என் சதுப்பைவிடக் கொடிய வதை. குளிர்காலத் தொடக்கத்திலேயே முனைந்து சுட்டுவிடுவது நரிக்கும் நல்லது, ஆட்டுக்குட்டிக்கும் நல்லது.

முதல் துப்பாக்கிக்கு 28 நாள் காத்திருப்பு உண்டு. அந்த நாட்களில் பண்ணையின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வயலாகப் பகலில் நடந்து, எந்தத் திசையில் மேடோ கரையோ குண்டை வாங்கிக்கொள்ளும், எந்தத் திசையில் பாதையோ அடுத்த வீட்டு விளக்கோ இருக்கிறது என்று குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்று படம் அனுப்பியிருந்தான். ஏழு வயல்களில் இரண்டில்தான் எல்லாத் திசையிலும் மேடு இருக்கிறது. மற்ற ஐந்திலும் சுடக்கூடாத பக்கத்தைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறான்.