லெப்பர்ட் கெக்கோவுக்கு 'முழு செட்' வாங்குகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

லெப்பர்ட் கெக்கோ என்கிற புள்ளிப் பல்லியை வளர்க்க "எல்லாமே உள்ளே இருக்கு" என்று விற்கிற ஸ்டார்ட்டர் கிட் பெட்டியை இங்கிலாந்தில் யாராவது வாங்க நினைத்தால், இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். 170 பவுண்டு கொடுத்தேன். அதில் கடைசியில் உருப்படியாகத் தேறியது தண்ணீர்க் கிண்ணம் ஒன்றுதான்.

மகளுக்காக வாங்கியது. (ஊரில் அம்மாவிடம் சொன்னபோது, "பல்லியையா காசு குடுத்து வாங்குன?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.) கடை மேற்கு லண்டனில், ஊர்வன மட்டுமே விற்கிற இடம். அதனால் விவரம் தெரிந்தவர்களாக இருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வாங்கும் முன் இரண்டு கேள்வி கேட்டேன். அடியில் விரித்துச் சூடேற்றும் ஹீட் மேட்டுக்கு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வேண்டாமா? "இது அளவோடுதான் சூடாகும் சார், தேவையில்லை." மணல் போடலாமா? "இது கால்சியம் மணல். தின்றாலும் செரித்துவிடும். பாலைவனப் பிராணிதானே!"

இரண்டுமே பொய்.

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட பாறை நிலம்தான் இந்தப் பல்லியின் ஊர். இறுகிய மண்ணும் கல் இடுக்கும் உள்ள இடம். காலை வைத்தால் புதைகிற மணல்மேடு இல்லை. கால்சியம் மணலில் இன்னொரு வம்பு. கால்சியத்துக்காக அது மணலையே நக்க ஆரம்பித்துவிடும். ஈரம் பட்டால் அந்த மணல் கட்டியாகும், குடலை அடைக்கும்.

சூட்டுக் கதை இன்னும் மோசம். கிட்டில் வந்த ஒட்டுகிற வட்டத் தெர்மாமீட்டர் 29 டிகிரி என்று சமர்த்தாகக் காட்டிக்கொண்டிருந்தது. அது கண்ணாடிக்குப் பக்கத்துக் காற்றின் கணக்கு. பல்லி படுப்பதோ தரையில். நண்பரின் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஹீட் மேட்டுக்கு மேலே தரையில் காட்டினால் 46! தோசைக்கல்லில் படுக்கச் சொன்ன மாதிரி. சூடான பக்கத்துத் தரை 32 முதல் 34 டிகிரி இருக்க வேண்டும், குளிர்ந்த பக்கம் 24 போல. உடம்புக்குச் சூடு கிடைத்தால்தான் தின்றது செரிக்கும். எங்களுடையது சூட்டுக்குப் பயந்து எதிர்மூலையிலேயே ஒடுங்கிக் கிடந்தது, அப்புறம் கிரிக்கெட் பூச்சியைத் தொடுவதையே நிறுத்திவிட்டது. தொட்டியோ 45 சென்டிமீட்டர் சதுரம். அதில் சூடான பக்கம், குளிர்ந்த பக்கம் என்று பிரிக்க எங்கே இடம்? வளர்ந்த பல்லிக்கு 90க்கு 45 தரையாவது வேண்டும்.

பதுங்க ஒரே ஒரு பிளாஸ்டிக் குகை கொடுத்திருந்தார்கள். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, ஈரப்பாசி போட்டது ஒன்று என மூன்று தேவை. அந்த ஈரக்குகை இல்லாவிட்டால் சட்டை உரிக்கும்போது விரல்களில் தோல் வளையமாக ஒட்டிக்கொண்டு ரத்த ஓட்டத்தை இறுக்கும். எங்கள் பல்லி ஒரு விரலின் நுனியை இழந்தது அப்படித்தான். ஊர்வன பார்க்கிற மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தபோது குடலில் மணலும் தெரிந்தது. நல்லவேளை, அறுவை சிகிச்சை வரை போகவில்லை. பில் 280 பவுண்டு. கிட்டின் கால்சியம் பொடியில், கால்சியத்தை உடம்பில் சேர்க்கும் வைட்டமின் டி3 இல்லை, அதை உடம்பே உண்டாக்க உதவும் யுவிபி (புற ஊதா) விளக்கும் பெட்டியில் இல்லை. இரண்டுமே இல்லாமல் போனால் நாளடைவில் எலும்பு வளைந்துவிடும் என்று சொன்னதும் அவர்தான்.

இப்போது பழைய மர விவேரியம் (ஊர்வன வளர்க்கும் பெட்டி) ஒன்று, தெர்மோஸ்டாட், தரையில் வைக்கும் கம்பியோடு டிஜிட்டல் தெர்மாமீட்டர், மணலுக்குப் பதில் சமையலறைக் காகிதம். எல்லாம் சேர்த்தும் கிட்டின் விலை வரவில்லை. பல்லி நன்றாகத் தின்கிறது, வாலும் பெருத்துவிட்டது.

மாதம் முடிவதற்குள் கடைக்குத் திரும்பப் போனேன். "தெர்மோஸ்டாட் தனியாக விற்கிறோமே, நீங்கள் கேட்கவில்லை" என்றார் மேனேஜர், முகம் மாறாமல். பணம் தர முடியாது, வேண்டுமானால் கடை வவுச்சர் தருகிறேன் என்றார். பல்லியோடு அவர்களே கொடுத்த வளர்ப்புக் குறிப்புத் தாளை நீட்டினேன். தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் தடித்த எழுத்தில் இருக்கிறது. அப்போதும் அசையவில்லை.

சரி என்று எழுத்தில் இறங்கினேன். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்ன வேலைக்குத் தகுதியில்லாத பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். "கடை விதி" அதற்கு மேல் கிடையாது. இங்கிலாந்தில் செல்லப்பிராணி விற்கும் கடை, 2018 விதிகளின்படி உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலிடம் உரிமம் வாங்கியாக வேண்டும். அதனால் கடிதத்தின் நகலைக் கவுன்சில் உரிமப் பிரிவுக்கும் அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் கிட்டின் பணம் வந்தது, ஒரு வரி மன்னிப்புகூட இல்லாமல்.

மருத்துவர் பில்லுக்கான பணத்தைக் கடைக்காரர்கள் தர மறுத்துவிட்டார்கள். கிட்டை கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தேன். 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருள் என்பதால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமே கேட்க வழியிருக்கிறது. அவர்கள் ரசீதும் எக்ஸ்ரே படமும் கேட்டார்கள், அனுப்பியாகிவிட்டது. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது அதே பெட்டி ஜன்னலில் 20 பவுண்டு தள்ளுபடியில் இருந்தது.