150 வெள்ளி (ரிங்கிட்) வீடு ஏன் 240 ஆகிறது: சுங்கை சிப்புட்டில் ஹோம்ஸ்டே நடத்தும் அனுபவம்

எங்கள் ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட், ஈப்போவுக்கும் கோலாகங்சாருக்கும் நடுவில். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், இப்போது பார்க்கும் பக்கமெல்லாம் செம்பனை (எண்ணெய்ப் பனை). தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் கல்யாணம், கருமாதி, தோட்டத்துக் கோயில் திருவிழா, தீபாவளி என்று வந்தபடிதான் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தங்குவதற்கு, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த அந்த லயத்து வீடு இப்போது இல்லை. சொந்தக்காரர் வீட்டிலும் பத்துப் பேர் படுக்க இடம் இருக்காது. கோவிட்டால் மூடியிருந்த எல்லை 2022 ஏப்ரலில் திறந்த பிறகு, அப்பா அம்மா இருந்த தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டை இந்தக் கூட்டத்தை நம்பித்தான் ஹோம்ஸ்டே ஆக்கினேன். மூன்று அறை, இரண்டு குளியலறை, வாசலில் இரண்டு கார் நிற்கும். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அபூர்வம்.

வீடு, அறை பதிவு செய்யும் இணையத் தளங்களான ஏர்பிஎன்பி, புக்கிங் டாட் காம் இரண்டிலும் போட்டிருக்கிறேன். வாட்ஸ்அப் வழியாக நேராகக் கேட்பவர்களும் உண்டு. இத்தனை நாளில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஏர்கானைப் பற்றியோ வைஃபையைப் பற்றியோ இல்லை. கிள்ளானிலிருந்து ஒரு தம்பி கேட்டதுதான் மாதிரி: "என்னக்கா, 150ன்னு போட்டுட்டு ஒரு ராத்திரிக்கு 240 கேக்குறீங்க?"

அந்த 240 எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். ஒரு இரவு வாடகை 150 வெள்ளி. துப்புரவுக் கட்டணம் 60. அது பக்கத்துச் சந்தில் இருக்கும் அக்காவுக்குப் போகிறது. மூன்று அறைப் படுக்கை விரிப்பு, கழிப்பறை, சமையலறை எல்லாம் அவர்தான். ஆக 210. தளத்தின் கட்டணத்தை இரண்டு பக்கமும் பிரித்து வாங்கும் ஏர்பிஎன்பியின் பழைய பிரிப்பு முறையில், வீட்டுக்காரரிடம் பொதுவாக 3 விழுக்காடு பிடிப்பார்கள், விருந்தினரிடம் பெரும்பாலும் 14 விழுக்காட்டை ஒட்டி வாங்குவார்கள். 14 என்றே வைத்தால் 29 வெள்ளி 40 காசு. மொத்தம் 239.40. தம்பி சொன்ன 240 இதுதான்.

இதில் பலர் கவனிக்காதது ஒன்று. அந்த 14 விழுக்காடு வாடகைக்கு மட்டும் இல்லை, துப்புரவுக் கட்டணத்துக்கும் சேர்த்துத்தான். அக்காவுக்குப் போகும் 60 வெள்ளிக்கு விருந்தினர் 8.40 கூடுதலாகக் கட்டுகிறார். என் பக்கத்திலும் அந்த அறுபதில் 1.80 பிடிபடுகிறது. அக்காவுக்கு முழு 60 கொடுத்துவிடுகிறேன், அந்த 1.80 என் கையிலிருந்து போகிறது. ஒரு இரவுக்கு வருபவருக்கு அதனால்தான் இவ்வளவு உறைக்கிறது. அதே வீட்டை மூன்று இரவு எடுத்தால் 450, துப்புரவு 60, கட்டணம் 71.40, மொத்தம் 581.40. இரவுக்கு 193.80 தான் வரும். கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து மறுநாள் மத்தியானம் கிளம்புகிற நம் ஆட்களிடம் மூன்று இரவுக் கணக்கைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

நல்லவேளை, ஓரிரு இரவுக்கு மட்டும் துப்புரவுக் கட்டணத்தைக் குறைத்து வைக்க அந்தத் தளத்தில் இடம் உண்டு. இதைக் கண்டுபிடித்து 35 என்று வைத்த பிறகு "ஏன்க்கா" என்ற கேள்வி பாதியாகக் குறைந்தது. மீதி 25 வெள்ளியை வார இறுதி வாடகையில் ஏற்றினேன். எங்கேயாவது ஏற்றித்தானே ஆக வேண்டும்?

இன்னொரு முறையும் இருக்கிறது. விருந்தினரிடம் தனியாகக் கட்டணமே கிடையாது. முழுவதையும் வீட்டுக்காரரிடமே பிடிப்பார்கள். பல வீடுகளை ஒரே மென்பொருளில் வைத்து நடத்துபவர்களுக்கு ஏர்பிஎன்பியில் இந்த ஒற்றைக் கட்டணம் 2025 அக்டோபர் முதல் 15.5 விழுக்காடு. ஈப்போவில் நான்கைந்து வீடு வைத்திருக்கும் என் தோழிக்கு அது வந்தது. "நம்மள்ட்ட மூணு எடுத்தவன் இப்ப பதினஞ்சரை எடுக்குறான்" என்று போனில் பொரிந்து தள்ளினாள். கோபம் நியாயமாகத்தான் தெரிந்தது, கணக்கு எழுதிப் பார்க்கும்வரை.

இரண்டு இரவு 300, துப்புரவு 60, ஆக 360 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிப்பு முறையில் விருந்தினர் கட்டுவது 410.40, வீட்டுக்காரர் கைக்கு வருவது 349.20. தளத்துக்கு நடுவில் போவது 61.20. அதாவது விருந்தினர் கட்டிய பணத்தில் ஏறக்குறைய 15 விழுக்காடு. ஒற்றைக் கட்டணத்தில் அதே 349.20 கைக்கு வர வேண்டுமானால் 413.25 என்று விலை வைக்க வேண்டும். விருந்தினருக்கு வித்தியாசம் மூன்று வெள்ளிக்கும் குறைவு. முன்னே ரசீதில் அவர் பெயரில் இருந்தது, இப்போது நம் பெயருக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தோழி சறுக்கிய இடம் வேறு. தன் கைக்கு வந்த 349.20 மேல் 15.5 விழுக்காடு ஏற்றி 403.33 என்று வைத்துவிட்டாள். தளமோ அந்த 403.33 மேல் 15.5 பிடிக்கிறது. கைக்கு வந்தது 340.81. ஒவ்வொரு பதிவுக்கும் எட்டு வெள்ளிக்கு மேல் ஒழுகியது. நமக்கு வேண்டிய தொகையை 0.845 ஆல் வகுக்க வேண்டும்; ஏற்ற வேண்டியது 18 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல். வீட்டை இப்படி வாடகைக்கு விடுபவர்கள் இந்த ஒரு வகுத்தலைக் கைபேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புக்கிங் டாட் காம் முதலிலிருந்தே வீட்டுக்காரரிடம்தான் கமிஷன் வாங்குகிறது. பல இடங்களில் அது 15 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், ஊரையும் ஒப்பந்தத்தையும் பொறுத்துக் கூடும் குறையும். விருந்தினர் வந்து நேரே நம்மிடம் பணம் கட்டினால் முழுத் தொகையும் கைக்கு வந்துவிடும், கமிஷன் மாதம் முடிந்து பில்லாக வரும். மனதளவில் இது கஷ்டம். வந்த காசு மளிகைக் கடைக்கும் மின்சார பில்லுக்கும் போன பிறகு வந்து நிற்கும். அதைவிட, பதிந்துவிட்டு வராமல் போனவரைக் குறித்த நேரத்துக்குள் "வரவில்லை" என்று பதிய மறந்தால், வராத ஆளுக்கும் கமிஷன் விழும். கோயில் திருவிழா வாரத்தில் இதற்காகவே அலாரம் வைத்துக்கொள்கிறேன்.

வரி தனிக் கதை. மலேசியரும் நிரந்தரவாசிகளும் தவிர மற்றவர்களுக்குச் சுற்றுலா வரி உண்டு, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி. 2017 செப்டம்பரில் வந்தது, 2023 ஜனவரி முதல் இணையத் தளங்கள் வழியாகவும் வசூலாகிறது. சிங்கப்பூரிலிருந்து வரும் அத்தை மாமாக்களுக்கு இது புரியவே புரியாது. "நம்ம ஊருக்கு வர நானே வரி கட்டணுமா" என்று ஒரு மாமா கேட்டார். நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையாவது வைத்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்றேன், முறைத்தார். இதோடு, வெளிநாட்டு இணையச் சேவைகளுக்கான சேவை வரி 2020 ஜனவரியில் 6 விழுக்காடாகத் தொடங்கி 2024 மார்ச்சில் 8 ஆனது. தளம் எடுக்கும் கட்டணத்தின் மேல் வரும் வரி அது. அப்புறம் நாணயம்: நான் வெள்ளியில் விலை போட்டிருக்க, அவர்கள் சிங்கப்பூர் டாலரில் கட்டினால், பிரிப்பு முறையில் விருந்தினர் கட்டணம் 16.5 விழுக்காடு வரைகூடப் போகலாம். அதனால் கட்டும் நாணயத்தை வெள்ளிக்கு மாற்றிப் பார்த்து, தங்கள் வங்கி அட்டை என்ன மாற்று விகிதம் போடும் என்று ஒப்பிடச் சொல்கிறேன்.

சரி, இவ்வளவு கொடுத்து என்ன கிடைக்கிறது? ஏர்பிஎன்பியில் சேதத்துக்கு முப்பது லட்சம் அமெரிக்க டாலர் வரை காப்பு என்று எழுதியிருக்கிறது. என் வீட்டில் இதுவரை உடைந்ததில் பெரியது துணி காயப்போடும் ஸ்டாண்டு. அதற்குப் படம், ரசீது என்று அலைவதைவிட அந்தக் குடும்பத்திடம் சொன்னேன், அவர்களே காசு அனுப்பிவிட்டார்கள். எனக்குக் காப்பு பெரிதில்லை. பெரிது, பணத்தை நடுவில் நிறுத்தி வைப்பதுதான். விருந்தினர் கட்டிய பணம் அவர் வீட்டுக்குள் நுழைந்து ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத்தான் எனக்கு விடுவிக்கப்படுகிறது. எனக்குத் தாமதம், அவருக்குப் பாதுகாப்பு.

அதன் மதிப்பு ஒரு தீபாவளிக்கு முன்னால் புரிந்தது. என் வீட்டுப் படங்களை எடுத்து யாரோ சமூக ஊடகத்தில் இரவுக்கு 90 வெள்ளி என்று விளம்பரம் போட்டிருக்கிறார்கள். முன்பணம் டுயிட்நவ் என்ற உடனடி வங்கிப் பரிமாற்றம் வழியாகக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். இரவில் ஒரு குடும்பம், பின் சீட்டில் தூங்கும் பிள்ளைகளோடு, என் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே வேறு குடும்பம் இருந்தது. அவர்களை ஈப்போவில் ஓர் ஓட்டலுக்கு அனுப்பி வைத்தேன், போன பணம் போனதுதான். மோசடிப் புகார் எண்ணான 997-க்கு உடனே அழைத்தால் பணம் நகர்வதை நிறுத்தப் பார்ப்பார்கள் என்று அன்று அவர்களுக்குத் தெரியவில்லை. முன்பணம் கேட்கும் கணக்கு எண்ணைப் மோசடிக் கணக்குகளைச் சரிபார்க்கும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் போட்டுப் பார்க்கலாம் என்பதும் தெரியவில்லை. முன்பின் தெரியாத வீட்டுக்கு 29 வெள்ளி கட்டணம் எனக்கு அதற்குப் பிறகு அதிகமாகப் படவில்லை.

ஆனால் தெரிந்தவர்களுக்கு அது வீண். என் அப்பாவோடு ரப்பர் பால் வெட்டியவரின் மகன் கல்யாணத்துக்கு வருகிறான் என்றால் நடுவில் ஒரு நிறுவனம் எதற்கு? அவர்களிடம் இரவுக்கு 150, துப்புரவு 60, முன்பணம் 100, கிளம்பும்போது திருப்பித் தருவேன். எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுத்தாக. இதில் ஒரு கோடு வைத்திருக்கிறேன்: தளம் வழியாக அறிமுகமானவர் "அடுத்த தடவை நேரா எடுத்துக்கறேன்க்கா" என்றால் ஒத்துக்கொள்வதில்லை. விதிமுறையில் தடை, கண்டுபிடித்தால் என் பக்கத்தையே எடுத்துவிடுவார்கள். அவர்கள்தான் ஆள் பிடித்துக் கொடுத்தார்கள், கூலி அவர்களுக்கு உரியதும்கூட.

விருந்தினராக நான் பினாங்குக்கோ கேமரன் மலைக்கோ போகும்போது இரவு விலையைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். 2025 ஏப்ரலிலிருந்து ஏர்பிஎன்பி எல்லா நாட்டிலும் கட்டணங்கள் சேர்ந்த மொத்த விலையைத் தேடல் பக்கத்திலேயே காட்டுகிறது. வரி மட்டும் சில நேரம் பின்னால் வரும். அதே வீட்டை இரண்டு தளத்திலும் தேடி, கடைசித் திரைவரை போய், அட்டை எண் கேட்கும் இடத்தில் நிற்கும் தொகையை ஒப்பிடுகிறேன். ஒரே வீட்டுக்கு முப்பது நாற்பது வெள்ளி வித்தியாசம் சர்வ சாதாரணம். வீட்டுக்காரர் ஒரு தளத்தில் கமிஷனைச் சரியாக ஏற்றியிருப்பார், இன்னொன்றில் ஏற்ற மறந்திருப்பார். மறந்த பக்கத்தில் நான் எடுத்துக்கொள்வேன். தோழிக்கு மட்டும் போன் போட்டுச் சொல்லிவிடுவேன்.