கடலூரில் கொழுப்பு அளக்கும் எந்திரத்தைக் காட்டிப் பணம் கேட்டால் கவனம்

மஞ்சக்குப்பத்தில் ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் என் அக்கா 12,000 ரூபாய் கட்டினார். கொழுப்பைக் குறைத்துத் தசையைக் கூட்டும் மூன்று மாதத் திட்டம் என்றார்கள். பணம் போனதைவிட, அவர்கள் எழுதிக் கொடுத்த உணவு அட்டவணை அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

அக்காவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. கிளிமிபிரைடு சாப்பிடுகிறார். கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை அது. போட்டுவிட்டு வேளைக்குச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். சேர்க்கும்போது என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. படிவத்திலும் அப்படி ஒரு கேள்வி இல்லை. காலையும் இரவும் பவுடர் கரைசல், மதியம் வெள்ளரிக்காயும் முட்டை வெள்ளைக்கருவும். சோறு, இட்லி, பழம் எதுவும் கூடாதாம். தலை சுற்றுகிறது என்று சொன்னபோது பயிற்சியாளர் சொன்ன பதில்: "நச்சு வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும் அக்கா, நடுவில் விட்டுவிடாதீர்கள்." அடுத்த நாள் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறிச் சமையலறையில் சரிந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 48.

இனி அந்த எந்திரம். காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து நின்றால் கொழுப்பு இத்தனை சதவீதம் என்று தாளில் அச்சடித்துத் தரும். அது கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. உடம்புக்குள் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, அதற்கு எவ்வளவு தடை இருக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. உடலில் நீர் குறைந்திருந்தால் தடை கூடும், கொழுப்பும் கூடுதலாகக் காட்டும். அக்காவை முதலில் அளந்தது வேலை முடிந்து வெயிலில் களைத்து வந்த மாலையில். மறுபடி அளந்தது தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு ஒரு காலையில். கொழுப்பு குறைந்துவிட்டது என்று தாளைக் காட்டி, அடுத்த திட்டத்துக்கும் பணம் கேட்டார்கள்! அளப்பதாக இருந்தால் ஒரே நேரத்தில், ஒரே நிலையில் அளக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் மளமளவென்று இறங்கும் எடையிலும் பெரும்பகுதி நீர்தான். மாவுச்சத்தை நிறுத்தியதும் உடலில் கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமித்த சர்க்கரை கரைகிறது, அதோடு சேர்ந்திருந்த நீரும் போகிறது.

வீட்டில் ஒரு தையல் டேப் போதும். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 என்பதுதான் நம் மக்களுக்குச் சொல்லப்படும் வரம்பு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற மிதமான பயிற்சியும், 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடைக்குச் சில்வர் பீச் இருக்கிறது, காசு கேட்காது. புரதம் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். முதுநகர் மத்தி மீனிலும் முட்டையிலும் சுண்டலிலும் கிடைக்காத புரதமா அவர்கள் கொடுத்த பவுடர் டப்பாவில் இருக்கிறது?

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இல்லை, தயாரித்த தேதி இல்லை. அதற்குத் தனியாக 3,500 ரூபாய், ரசீதும் கிடையாது.

பணத்தைத் திருப்பித் தர மறுத்ததால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறோம். அங்கே பணம் கட்டியவர்கள் அட்டவணை, அச்சுத் தாள், டப்பா மூன்றையும் தூக்கிப் போடாமல் வையுங்கள். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள், அந்த அட்டவணையை உங்கள் மருத்துவரிடம் இன்றைக்கே காட்டுங்கள்.