சர்வர் மாறினால் எது கூட வரும்? மாஸ்டடான், புளூஸ்கை, லெம்மி, மேட்ரிக்ஸ்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் பலர் இன்று கிள்ளான், பினாங்கு, சிங்கப்பூர் என்று சிதறி இருக்கிறார்கள். புலனத்திலும் முகநூலிலும் கூடிக்கொண்டிருப்பவர்கள், ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத தளத்துக்குப் போகலாமா என்று பேச ஆரம்பித்தால், "எது நல்லது?" என்பதுதான் முதல் கேள்வி. அப்படிப்பட்ட தளங்கள் பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்களில், அதாவது கணக்குகளை வைத்திருக்கும் கணினிகளில், ஓடுகின்றன. அதனால் அதைவிட முக்கியமானது இன்னொன்று: நாளைக்கு உங்கள் சர்வரை மூடிவிட்டால் உங்களோடு எது வந்தாக வேண்டும்? ஆட்களா, பதிவுகளா, குழுவா?

குறும்பதிவுத் தளமான மாஸ்டடானில் ஆட்கள் வருவார்கள். புதிய சர்வரில் கணக்குத் திறந்து, பழைய முகவரியை அங்கே மாற்றுப்பெயராகப் பதிந்துவிட்டு, பழைய கணக்கிலிருந்து நகர்த்தச் சொன்னால் போதும். பின்தொடர்பவர்கள் தாமாக மாறிவிடுவார்கள். நீங்கள் பின்தொடர்பவர்கள், தடுத்து வைத்தவர்கள் பட்டியலைக் கோப்பாக இறக்கிப் புதிய இடத்தில் ஏற்றலாம். ஒருமுறை நகர்ந்தால் அடுத்த நகர்வுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டும்.

ஆனால் பதிவுகள் வராது. எங்களைப் போன்றவர்களுக்கு வலிப்பது இதுதான். பழைய தைப்பூசப் படம் ஒன்றைப் போடுகிறோம். காவடிக்குப் பின்னால் நிற்பவர் யார், எந்த லயத்துக்காரர் (தோட்டக் குடியிருப்பு வரிசைக்காரர்), யாருடைய தாத்தா என்று ஆளாளுக்குக் கீழே எழுதி அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள். மாஸ்டடான் தரும் காப்பகக் கோப்பில் உங்கள் படமும் உங்கள் வரிகளும் இருக்கும். மற்றவர்கள் எழுதிய அந்தப் பெயர்கள் இருக்காது. அந்தக் கோப்பைப் புதிய கணக்கில் ஏற்றவும் வழியில்லை.

இன்னொன்று, நகர்வதற்குப் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் குயிர்.ஏஎஃப் என்ற மாஸ்டடான் சர்வரின் டொமைனை, அதாவது இணைய முகவரியை, ஆப்கானிஸ்தானின் தாலிபான் அரசு முடக்கியது; .ஏஎஃப் அந்த நாட்டுக்குரிய முகவரி. அதற்குள் நகராதவர்களுக்கு வழி அடைபட்டது.

அதே வகைத் தளமான புளூஸ்கை இந்த இடத்தில் தெளிவாக முந்துகிறது. அங்கே அடையாளம் சர்வரோடு ஒட்டியதல்ல. ஒவ்வொரு கணக்குக்கும் மாறாத தனி அடையாள எண் உண்டு. 2024 பிப்ரவரி முதல் சொந்த சர்வரிலும் கணக்கை வைத்துக்கொள்ளலாம். சர்வர் மாறினாலும் பதிவுகள், பின்தொடர்பவர்கள், கீழே வந்த பதில்கள் எல்லாம் அந்த எண்ணோடு இணைந்தே இருக்கும். மீட்புச் சாவியை (கணக்கு உங்களுடையது என்று காட்டும் ரகசியக் குறியீட்டை) முன்கூட்டியே சேர்த்து, பதிவுகளையும் படங்களையும் தனித்தனியே நகலெடுத்து வைத்திருந்தால், பழைய சர்வர் காணாமல் போனாலும் கணக்கை மீட்கலாம். குறைகளும் உண்டு. அந்த எண்களின் பதிவேடு பெரும்பாலும் ஒரே இடத்தை நம்பியிருக்கிறது. இடம் மாற்றும் வேலையும் தொழில்நுட்பம் ஓரளவு தெரிந்தவருக்குத்தான் கைவரும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைத் தனியாகச் செய்யச் சொல்ல முடியாது.

விவாதக் குழுத் தளமான லெம்மியில் குழு அமைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குழு எந்த சர்வரில் பிறந்ததோ அங்கேயே கட்டுண்டு கிடக்கும். இடம் மாற வேண்டுமென்றால் பழைய குழுவைப் பூட்டி, அறிவிப்பை மேலே ஒட்டி, புதிதாக ஆள் சேர்ப்பதுதான் வழி.

குழு என்று வந்தால் அரட்டைத் தளமான மேட்ரிக்ஸ்தான். ஓர் அறையில் (குழு அரட்டையில்) எத்தனை சர்வர்க்காரர்கள் இருக்கிறார்களோ, அத்தனை சர்வரிலும் அந்த அறை வாழ்கிறது. ஒன்று போனாலும் மற்றவற்றில் பேச்சு தொடரும். தனியாள் கணக்கைத்தான் நகர்த்த முடியாது: புதுக் கணக்கை அறைக்குள் அழைத்து அதிகாரம் கொடுத்துவிட்டு, ரகசியக் குறியீட்டால் பூட்டிய பழைய செய்திகளைப் படிக்கச் சாவிகளையும் கொண்டுபோக வேண்டும். படங்கள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. மூலப் படம் அனுப்பியவரின் சர்வரில்தான் இருக்கும். மற்றவை வைத்திருப்பது தற்காலிக நகல்.

ஆகவே தோட்டத்துக் குழு ஒன்றுக்கு நான் சொல்வது: பேச்சுக்கு மேட்ரிக்ஸ், படங்களுக்கும் பெயர்களுக்கும் புளூஸ்கை. மேட்ரிக்ஸ் அறையில் வெவ்வேறு சர்வர்களைச் சேர்ந்த இருவருக்காவது நிர்வாக அதிகாரம் கொடுங்கள். ஒருவர் பினாங்கிலும் மற்றவர் கிள்ளானிலும் இருந்து ஒரே சர்வரில் கணக்கு வைத்திருந்தால் பயனில்லை. குழுவின் பேரில் ஒரு .மை (மலேசியாவுக்குரிய) டொமைன் வாங்கிப் புளூஸ்கையில் பெயராக வையுங்கள். புதுப்பிக்க மறந்தாலும் போவது பெயர் மட்டுமே, கணக்கு அல்ல. படத்தில் இருப்பவர்களின் பெயர்களைப் பதிலில் விட்டுவைக்காமல், கண்டுபிடித்த கையோடு படத்தோடு சேர்த்துக் குறித்து ஒரு நகலை வன்தட்டில் போட்டுவிடுங்கள்.