அந்த "திருப்பிச் சொல்லு" பயிற்சி: நாலு வருஷத்துக்கு அப்புறம்

கப்புள்ஸ் கவுன்சிலிங்ல பேசக் கத்துக்கொடுக்கற கிளாஸ் போனீங்களே, இப்பவும் உதவுதான்னு போன வாரம் ஃப்ரெண்ட் கேட்டா. ஃபோன்ல சொல்லி மாளல, அதான் எழுதறேன்.

முறை இதுதான், ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு அட்டை இருக்கும், அது யார் கையில இருக்கோ அவங்க பேசணும், மத்தவங்க கேட்டு தன் வார்த்தையில திருப்பிச் சொல்லணும், ஆமாம்னு சொன்னப்புறம்தான் அட்டை கை மாறும்.

எனக்கு எரிச்சலே அந்த திருப்பிச் சொல்றதுலதான். இன்னமும் என் வீட்டுக்காரர் "நீ சொல்ல வர்றது என்னன்னா"ன்னு ஆரம்பிச்சா கஸ்டமர் கேர்ல பேசற மாதிரியே இருக்கு. 1998ல, தம்பதிகளை ஆராயற அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மேனோட குழு புதுசா கல்யாணம் ஆனவங்க சண்டையைக் கவனிச்சப்போ, சந்தோஷமா வாழ்ற ஜோடிங்ககூட இப்படிப் பேசறது அபூர்வம்னுதான் எழுதினாங்க, பேச்சை எப்படி ஆரம்பிக்கறோம்ங்கறதுதான் முக்கியம்னாங்க. அதைப் படிச்சப்போ அப்பாடான்னு இருந்துச்சு.

ஆனா ஒரு ராத்திரியை மறக்க முடியாது. அவர் லேட்டா வந்தார், "மணி என்னன்னு பாத்தீங்களா"ன்னேன். சண்டை வரும்னு நெனச்சேன், அவர் அட்டையை எடுத்து என் கையில குடுத்துட்டு உக்காந்தார். "நான் உன்னை மதிக்கலன்னு சொல்ற." இல்லன்னேன். "வேலையெல்லாம் உன் தலையில விழுதுன்னு சொல்ற." அதுவும் இல்லன்னேன். அப்பதான் என் வாயிலேருந்தே வந்துச்சு, ஃபோன் எடுக்கலன்னா பயமா இருக்கு, எங்கப்பா அப்படித்தான் ஒரு நாள் வரவே இல்லன்னு. பத்து வருஷமா போட்ட அதே சண்டை, அடியில இருந்தது இதுன்னு எனக்கே தெரியாது. அன்னையிலேருந்து லேட்டானா ஒரு மெசேஜ் வந்துடும்.

இந்த வழியோட ஆரம்பம் பெர்னார்ட் குர்னிங்கற அமெரிக்க உளவியலாளர் மாதிரி ஆளுங்க, 1960கள்ல குழந்தைக்கான விளையாட்டு சிகிச்சையைப் பெத்தவங்களுக்கே சொல்லிக்கொடுத்தாங்க, அப்புறம் தம்பதிகளுக்கும் வந்துச்சு. உங்களுக்கு நோய் இல்ல, திறமைதான் குறைச்சல்ங்கறது அடிப்படை. நல்ல மரியாதையான எண்ணம், ஆனா எனக்குத் திறமை குறைச்சல்னு யார் சொன்னது? ஆஃபீஸ்ல யார் எவ்ளோ கத்தினாலும் பொறுமையா கேக்கறேன், வீட்டு வாசல் தாண்டினா அது வரமாட்டேங்குது. அது ஏன்னு கிளாஸ்ல யாரும் கேக்கல.

அடிக்கு பயந்து வாழற வீடுன்னா இது வேண்டவே வேண்டாம், அங்க மனசைத் திறந்து பேசறதே ஆபத்து. மத்தவங்க போங்க, ஆனா என்னைக் கேட்டா மறுபடி போகமாட்டேன். நேத்துகூட "நீ சொல்ல வர்றது"ன்னார், எழுந்து உள்ள போயிட்டேன்.