பிளீடிங் பாட்டிலும் கருவேலங்கம்பும்: நாலு வருட அனுபவம்

மண்டபத்தில் இருக்கிற மச்சான் போன் செய்தான். "ஒரே ஆளாக பிரேக் பிளீட் பண்ண ஒரு பாட்டில் வைத்திருக்கிறாயே, வாங்கலாமா?" பிரேக் லைனில் புகுந்த காற்றை ஆயிலோடு சேர்த்து வெளியேற்றுவதுதான் பிளீடிங். போன வாரம்தான் அந்தப் பாட்டிலை வைத்துக்கொண்டு அரை லிட்டர் டாட் 4 பிரேக் ஆயிலை வீணாக்கியிருந்தேன். வாயில் வந்ததை அடக்கிக்கொண்டேன்.

நியாயமாகப் பார்த்தால் நாலு வருடம் உழைத்திருக்கிறது. அதற்கு முன்பு மருமகன் பெடல் மிதிப்பான், நான் சக்கரத்தடியில் கிடப்பேன். "பிடி, பிடி" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே காலை எடுத்துவிடுவான். வெளியே போன காற்று, சக்கரத்தடியில் பிளீடிங்குக்குத் திறக்கும் சின்னத் திருகான நிப்பிள் வழியாக அப்படியே உள்ளே. நிப்பிளில் டியூபால் மாட்டுகிற பாட்டிலின் ஒருவழி வால்வு, வெளியே போனதைத் திரும்ப விடாது; அது வந்தபின் அந்தச் சண்டை ஓய்ந்தது.

ஆனால் அந்தக் குமிழி! பெடலை விடும்போதெல்லாம் டியூபில் சோடா மாதிரி பொடிப்பொடியாக ஏறும். லைனில்தான் காற்று என்று நம்பி மிதித்துக்கொண்டே இருந்தேன். அது நிப்பிள் மரையின் இடுக்கு வழியாக வெளியிலிருந்து இழுத்துக்கொண்ட காற்று. எங்கள் வீடு பாம்பனில். தனுஷ்கோடி உப்பு மணலில் ஓடிய வண்டியில் மரை எந்த லட்சணத்தில் இருக்கும்? நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் திறக்காமல், வெளிப்பக்கம் சுற்றி ரப்பர் கிரீஸ் அப்பிய பிறகுதான் குமிழி அடங்கியது. வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை.

என்னை அசத்தியது காசில்லாத பொருள். முன்சக்கர பிரேக் ஹோஸைக் கழற்றினால், ஆயில் இருக்கும் டப்பாவான ரிசர்வாயர் சொட்டிச் சொட்டியே காலியாகும். பெடல் மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று போய்விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெடலை ஓர் அங்குலம் அழுத்தி, கருவேலங்கம்பு ஒன்றை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக் கொடுத்தேன். பிஸ்டன் நகர்ந்து ரிசர்வாயரிலிருந்து வரும் துளையைத் தாண்டிவிடுகிறது. ஹோஸைத் திறந்ததும் கொஞ்சம் பீச்சியது, அப்புறம் சொட்டு நின்றது. தரைவரை அழுத்தக் கூடாது. பழைய சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத இடத்துத் துரு, சீலைக் கிழித்துவிடும்.

ஒன்றை மறந்தேன். பெடல் அழுந்தியிருந்தால் பிரேக் லைட் எரியும். இரவெல்லாம் எரிந்து, காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றியிருக்க வேண்டும்.

மச்சானிடம், "வாங்காதே, கம்பு வெட்டித் தருகிறேன்" என்றேன். அன்று எனக்கு இடுப்பு வலி வேறு. பாட்டிலைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்சக்கர வேலை இருக்கிறது, மருமகனுக்குப் பரீட்சையாம்.