யாருக்குப் போடுவீர்கள்? பக்கத்து வீட்டுக்காரர் யாருக்குப் போடுவார்?

2024 நவம்பர் 5, அமெரிக்க அதிபர் தேர்தல் நாள். துளசேந்திரபுரம் தர்மசாஸ்தா கோயிலில், டிரம்பை எதிர்த்து நின்ற கமலா ஹாரிஸுக்காகச் சிறப்பு பூஜை. அவருடைய அம்மா வழித் தாத்தா பி.வி. கோபாலனின் ஊர் அது. நான் அன்று மன்னார்குடியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். "சார், அமெரிக்காக் கணிப்பு என்ன சொல்லுது?" என்று கடைக்காரர் கேட்டார். "பாதிக்குப் பாதியாம்" என்றேன். "இதுக்கு நம்ம ஊரு ஜோசியரே தேவலையே" என்று சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார்.

கேலிதான், ஆனாலும் மனதில் நின்றுவிட்டது. அந்தத் தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று சொல்ல நாலைந்து வழிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டன. எதை நம்பியிருக்கலாம்?

முதல் வழி நேரடிக் கேள்வி: நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள்? சரியாகப் பொறுக்கிய 1,000 பேரைக் கேட்டால் கூடக்குறைய 3 சதவீதப் புள்ளிக்குள் பதில் அமையும் என்பது கணக்கு. சிக்கல் அந்தச் 'சரியாக'வில் இருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பொங்கிய சோற்றுக்குப் பொருந்தும், குவித்துப் போட்ட நெல்லுக்குப் பொருந்தாது. குறுவை அறுத்து கொள்முதல் நிலையத்து வாசலில் மழைக்கு நடுவே கொட்டிக் காத்திருப்பவர்களுக்கு இது தெரியும். மேலே அள்ளினால் ஈரப்பதம் 17 சதவீதம் காட்டும். முழங்கை வரை கையை விட்டு அள்ளினால் வேறு கதை.

1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லாண்டனும் ரூஸ்வெல்ட்டும் மோதியபோது, 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்கு அஞ்சலில் மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்றது. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில் டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் முகவரிகளைத் தேடி எடுத்து அனுப்பினால் வேறென்ன வரும்? மேல் நெல்லைத்தான் அள்ளினார்கள். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு ஜார்ஜ் காலப் என்ற கணிப்பாளர் சரியாகச் சொன்னார்.

இன்றைய தொல்லை இன்னொரு வகை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் தொலைபேசியில் கூப்பிட்டபோது 1997இல் 100க்கு 36 பேர் பேசினார்கள், 2018இல் 6 பேர். பேசாத 94 பேரும் பேசிய 6 பேரைப் போலத்தான் என்று நம்பித்தான் மொத்த வேலையும் நடக்கிறது. அதனால் வயது, படிப்பு என்று பார்த்து, குறைவாகச் சிக்கிய வகையினரின் பதிலுக்குக் கூடுதல் எடை போட்டுச் சரிக்கட்டுகிறார்கள். 2016இல் பல மாநிலக் கணிப்புகள் படிப்புக்கு எடை போடவில்லை. அதுவும் சேர்ந்து விஸ்கான்சினிலும் மிச்சிகனிலும் கணிப்பைக் கவிழ்த்தது. 2024இல் நாடு தழுவிய சராசரி ஹாரிஸுக்கு 1 புள்ளி முன்னிலை தந்தது, டிரம்ப் 1.5 புள்ளியில் முந்தினார். உண்மையில் இது மோசமான கணிப்பே இல்லை. ஆனால் அந்த 2, 3 புள்ளியிலேயே ஏழு இழுபறி மாநிலங்களும் டிரம்ப் பக்கமே சாய்ந்தன; மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வர் ஓட்டில் 312க்கு 226.

அயோவாதான் வேடிக்கை. ஆன் செல்சர் என்ற கணிப்பாளர் அந்த மாநிலத்தில் கிட்டத்தட்ட அருள்வாக்கு மாதிரி. தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு ஹாரிஸ் 47, டிரம்ப் 44 என்றார். நம் ஊர் வாட்ஸப் குழுக்கள் வரை வந்து குதித்தது அந்தச் செய்தி. முடிவில் டிரம்ப் 13 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது: உங்கள் அக்கம்பக்கத்தார் யாருக்குப் போடுவார்கள் என்று கேட்பது. கல்லூரியில் படிக்கும்போது ஒரு கணிப்பு நிறுவனத்துக்காக நீடாமங்கலம் பக்கம் படிவத்தோடு அலைந்திருக்கிறேன். (பேசிய கூலியில் பாதிதான் வந்தது, அது தனிக் கதை.) திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். "ஓட்டா? அத எங்க வீட்டுக்காரருக்கே சொன்னதில்ல தம்பி." சரி என்று எழுந்தேன். "ஆனா கேட்டுக்க, மேலத்தெரு முழுக்க இந்தத் தடவ மாத்திப் போடப் போவுது" என்று அவரே ஆரம்பித்து, வீடு வீடாகக் காரணத்தோடு சொன்னார். படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. 'சொல்ல விரும்பவில்லை' என்பதில் டிக் அடித்துவிட்டு வந்தேன்.

2024இல் ஒரு பிரெஞ்சுக்காரர் இதே கேள்வியைச் சொந்தச் செலவில் அமெரிக்காவில் கேட்க வைத்தார். நேரடியாகக் கேட்டதைவிட அக்கம்பக்கத்தைக் கேட்டபோது ஹாரிஸின் ஆதரவு குறைவாகத் தெரிந்தது. அதை நம்பி பாலிமார்க்கெட் என்ற இணையப் பந்தயச் சந்தையில் டிரம்ப் மீது பணத்தைக் கொட்டி, 8 கோடி டாலரையும் தாண்டி லாபம் பார்த்தார் என்று செய்தி.

இதைக் காட்டி, பந்தயச் சந்தைதான் கணிப்பைவிட உசத்தி என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 2016இல் இதே மாதிரிச் சந்தைகள் ஹிலாரிதான் என்று அடித்துச் சொன்னவை. பந்தயம் கட்டுகிறவரும் கணிப்பைப் பார்த்துத்தான் கட்டுகிறார். அந்தப் பிரெஞ்சுக்காரர் ஜெயித்ததும் மற்றவர்களிடம் இல்லாத ஒரு கணிப்பு கையில் இருந்ததால்தான். வரலாற்றாசிரியர் ஆலன் லிக்ட்மனின் '13 சாவிகள்' இன்னொரு வழி. யாரையும் கேட்காமலே பொருளாதாரம், போர், ஊழல் என்று சரிபார்த்துச் சொல்லிவிடுவார். 2024இல் ஹாரிஸ் என்றார். அவ்வளவுதான்.

ஓட்டுப் போட்டு வெளியே வந்தவரையே கேட்டுவிட்டால்? அதையும் அதே 2024இல் நம் மக்களவைத் தேர்தலில் நாமே பார்த்தோம். ஜூன் 1 அன்று வந்த கணிப்புகள் பெரும்பாலும் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் தந்தன, வந்தது 293. தமிழ்நாட்டிலும் அந்தக் கூட்டணிக்குச் சில இடங்கள் என்றன பல. 39இல் ஒன்றுகூட இல்லை. ஓட்டைச் சரியாக அளந்தாலும் இடமாக மாற்றும்போது வழுக்கும். 2016இல் ஹிலாரி நாடு முழுக்க 2.1 புள்ளி கூடுதலாக வாங்கித் தோற்றதும் அந்த வழுக்கலில்தான்.

என்னைக் கேட்டால் நேரடிக் கேள்வியை விடமாட்டேன், பக்கத்து வீட்டுக் கேள்வியையும் அதே படிவத்தில் சேர்ப்பேன். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விழுகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். ஒரே ஒரு பயம் உண்டு. நம் ஊர்களில் பக்கத்து வீடு என்பது பெரும்பாலும் அதே சாதி, அதே உறவு. மேலத்தெருவைப் பற்றி அந்த அம்மா சொன்னதை யாராவது ஒருவர் கீழத்தெருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று நான் கீழத்தெருவுக்குப் போகவில்லை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து அது தூரம், வெயில் வேறு.